சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்



"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்பது நம் பாட்டிமார் வாயில் அடிக்கடி வந்த பழமொழி. பொருளின் விலையை மட்டும் பார்த்து மகிழ்கிறவன், அதை வீடு கொண்டுவந்து சேர்க்கும் செலவை மறந்துவிடுகிறான் என்பது அதன் கருத்து. இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் செய்தி இந்தப் பழமொழிக்கென்றே அமைந்தது போன்றது. வெளிநாட்டிலிருந்து மலிவு விலையில் தருவித்துக்கொள்ளும் வெண்சுருட்டு, அதாவது சிகரெட், உண்மையிலேயே மலிவானதுதானா? அதன் சுமைகூலி எவ்வளவு? அதை யார் சுமக்கிறார்கள்? இவற்றைச் சற்று நிதானமாக எண்ணிப் பார்ப்போம்.

புகைப்பழக்கம் உடலுக்குச் செய்யும் கேட்டை இங்கே நாம் விரித்துரைக்கப் போவதில்லை. அது நேயர்கள் அறிந்ததே. நாம் பார்க்கப்போவது பணக் கணக்கையும் சட்டக் கணக்கையும். தோட்டப் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கூட்டலும் பெருக்கலும் கற்பிக்கும் எங்களுக்குக் கணக்கின் வழியாகச் சொல்வதுதான் எளிது. கணக்கு தெளிவாக விளங்கிவிட்டால், அறிவுரைக்கு அதிக வேலை இருக்காது.

இந்த வணிகம் பெரும்பாலும் நடக்கும் விதம் இதுதான். கைப்பேசியில் ஒரு விளம்பரம் வருகிறது. அல்லது கூட வேலை செய்யும் ஒருவர் காதோடு காதாகச் சொல்கிறார். "கடையில் ஒரு பெட்டி 17 வெள்ளிக்கு மேல் போகிறது. அதே சிகரெட் வெளிநாட்டிலிருந்து பாதி விலைக்கு வரும். பணத்தை அனுப்பிவிட்டால் அஞ்சல்காரர் வீட்டு வாசலிலேயே கொடுத்துவிட்டுப் போவார்." கேட்பவருக்கு ஆசை பிறக்கிறது. கூடவே, "நாம் இருப்பது பினாங்கு, இது ஆதிகாலம் தொட்டு வரியில்லாத் துறைமுகம் அல்லவா? இங்கே யார் கேட்கப்போகிறார்கள்?" என்ற எண்ணமும் சிலருக்குத் துணை சேர்கிறது.

இந்த இரண்டாவது எண்ணத்தை முதலில் பார்ப்போம். ஏனெனில் இது நம் ஊரின் வரலாற்றிலிருந்து வந்தது. பாதி உண்மையும் பாதி மறதியும் கலந்தது.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட், கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் பினாங்குத் தீவில் கொடி ஏற்றினார். கப்பல்களை இங்கே ஈர்க்க வேண்டும் என்பதற்காகத் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குத் தீர்வை வேண்டாம் என்று வைத்தார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம் சூலியா வணிகர்கள் துணிமணிகளோடு இங்கே இறங்கினார்கள். ஜார்ஜ் டவுனில் அவர்கள் பெயரால் ஒரு தெருவே இன்றும் இருக்கிறது. தீர்வையற்ற துறைமுகம் என்ற பெயர் ஊருக்குப் பெருமையாகவும், ஊர்மக்களுக்குப் பிழைப்பாகவும் இருந்தது.

ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அந்தத் தீர்வையற்ற துறைமுகத்திலும் போதைப் பொருள்களும் மயக்கப் பொருள்களும் வரிக்குத் தப்பியதில்லை. கம்பெனிக் காலத்திலேயே அபினி, சாராயம், சூதாட்டம் ஆகியவற்றின் வரி வசூலைக் குத்தகைக்கு விட்டு அரசாங்கம் வருமானம் தேடியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதுவுக்கும் புகையிலைக்கும் பெட்ரோலுக்கும் தீர்வை வந்துவிட்டது. ஆக, துணியும் மிளகும் தீர்வையில்லாமல் இறங்கிய அதே படகுத்துறையில் புகையிலை மட்டும் தீர்வை கட்டித்தான் இறங்கியது. "வரியில்லாப் பினாங்கில் வரியில்லாச் சிகரெட்" என்பது நம் தாத்தா காலத்திலேயே பொருந்தாத பேச்சு.

அந்தத் தீர்வையற்ற தகுதியும் 1969ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. அதற்கு முன்பு, தீவிலிருந்து படகேறிப் பெருநிலம் கடந்தவர்களின் பைகளைச் சுங்க அதிகாரிகள் சோதித்ததை முதியவர்கள் இன்றும் நினைவுகூர்கிறார்கள். தகுதி நீங்கிய பிறகு தீவும் நாட்டின் சுங்க எல்லைக்குள் வந்துவிட்டது. 1972இல் பாயான் லெப்பாசில் ஏற்பட்ட தடையற்ற வணிக வட்டாரம் தொழிற்சாலைகளுக்கான ஏற்பாடு. வீட்டுக்கு வரும் பொட்டலங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்று வெல்ட் கீ கரையோரம் மணிக்கூண்டோடு நிற்கும் சுங்கத்துறைக் கட்டடத்தைக் கடந்து போகிறவர்கள், அங்கே உள்ளவர்கள் யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு நினைப்பும் உண்டு. "லங்காவி தீர்வையற்ற தீவாயிற்றே, அங்கிருந்து வாங்கி வரலாமே" என்பார்கள். லங்காவி 1987இல் தீர்வையற்ற தீவாக்கப்பட்டது உண்மை. ஆயினும் 2021ஆம் ஆண்டு ஜனவரி முதல் லங்காவி, லாபுவான், தியோமான், பங்கோர் ஆகிய தீவுகளிலும் சிகரெட்டுக்கு வரி உண்டு என்று அரசாங்கம் விதித்துவிட்டது. சாக்லேட் வேறு, சிகரெட் வேறு.

இனி கணக்குக்கு வருவோம்.

நம் நாட்டில் சிகரெட்டின் கலால் வரி, விலையைப் பார்த்துப் போடப்படுவதில்லை. குச்சியை எண்ணிப் போடப்படுகிறது. 2015ஆம் ஆண்டு நவம்பரில் ஒரு குச்சிக்கு 28 காசாக இருந்த வரி 40 காசாக உயர்ந்தது. 2025ஆம் ஆண்டு நவம்பரில் மேலும் 2 காசு கூடி 42 காசாயிற்று. ஒரு பெட்டியில் 20 குச்சிகள். பத்துப் பெட்டிகள் சேர்ந்தது ஒரு கட்டு. அதாவது 200 குச்சிகள். 200ஐ 42 காசால் பெருக்கினால் 84 வெள்ளி. சிகரெட் எவ்வளவு மட்டமானதாக இருந்தாலும், வெளிநாட்டுக்காரன் அதைச் சும்மாவே கொடுத்தாலும், இந்த 84 வெள்ளி குறையாது. வெளிநாட்டு விளம்பரத்தில் அச்சிடாத முதல் செலவு இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டைக் கரும்பலகையில் எழுதிப் பார்ப்போம். ஒரு கட்டு 50 வெள்ளி என்று விற்பவர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பும் கூலி 40 வெள்ளி. இரண்டும் சேர்ந்து 90. "கடையில் ஒரு கட்டு 174 வெள்ளி ஆகிறது, நமக்கு 84 வெள்ளி லாபம்" என்று வாங்குகிறவர் மகிழ்கிறார். அந்த 84 வெள்ளி எங்கிருந்து வந்தது? அதுதான் கட்டப்படாத கலால் வரி! அவர் லாபம் என்று எண்ணியது அரசாங்கத்துக்குச் சேர வேண்டிய கடன். அதைக் கட்டிவிட்டால் லாபம் ஒரு காசு கூட மிஞ்சாது.

கணக்கு இதோடு முடிந்துவிடுவதில்லை. கலாலுக்கு மேல் இறக்குமதித் தீர்வை இருக்கிறது. அது சரக்கு எந்த நாட்டிலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து மாறும். சுங்கத்துறை பொருளின் மதிப்பைக் கணக்கிடும்போது, பொருளின் விலையோடு அனுப்பும் கூலியையும் காப்புறுதிக் கட்டணத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. அந்த மதிப்பையும் இறக்குமதித் தீர்வையையும் கலால் வரியையும் கூட்டி, வருகிற தொகையின்மேல் விற்பனை வரி போடப்படுகிறது. வரியின்மேல் வரி என்று சொல்லலாம். பிறகு, பொட்டலத்தைக் கொண்டுவரும் நிறுவனம் சுங்கப் படிவங்களை எழுதித் தருவதற்கும், சரக்கைக் காத்து வைப்பதற்கும் கூலி கேட்கலாம். இவை எல்லாவற்றையும் கூட்டினால், தெருமுனை ஒட்டுக்கடை விலையைத் தாண்டிப் போய்விடும். சுண்டைக்காய்க்குச் சுமைகூலி என்று சொன்னது இதைத்தான்.

"சிறு பொட்டலங்களுக்கு 500 வெள்ளி வரை சலுகை உண்டாமே?" என்று சில நேயர்கள் கேட்கக்கூடும். நல்ல கேள்வி. விலை குறைந்த பொருள்களை வெளிநாட்டிலிருந்து வாங்குவோர்க்கென்று 500 வெள்ளி என்னும் வரம்பு ஒன்று உண்டு. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் அப்படிப்பட்ட பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரியும் வந்தது. ஆனால் சட்டையும் செருப்பும் போகும் அந்த வழியில் சிகரெட், புகையிலை, மதுபானம் ஆகியவை போக முடியாது. விதியிலேயே இவற்றைத் தனியே பிரித்து வைத்துவிட்டார்கள். ஒரே ஒரு பெட்டி சிகரெட் வந்தாலும் அதற்கு அந்தச் சலுகை இல்லை. விமானப் பயணிகளுக்கென உள்ள விதிகளும் பயணிகளுக்கே உரியவை. அஞ்சலில் வரும் பொட்டலத்துக்கு அவற்றைக் காட்டிப் பேச இயலாது.

இதுவரை பார்த்தது, வரி முழுவதையும் கட்டி ஒழுங்காக வாங்க நினைக்கிறவரின் கணக்கு. அவருக்கும் ஒரு தடை உண்டு. சிகரெட் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும். 2021 முதல் புதிய உரிமங்கள் கொடுப்பதையே அரசாங்கம் நிறுத்தி வைத்தது. எனவே, உரிமமில்லாமல் வந்த கட்டைச் சுங்கத்துறை கைப்பற்றினால், "வரியைக் கட்டிவிடுகிறேன், கொடுங்கள்" என்று கேட்டுப் பெற்றுவிடலாம் என நம்பக்கூடாது. பொருளும் போகும், விற்றவருக்கு அனுப்பிய பணமும் போகும். கடல் கடந்திருக்கும் அந்த வணிகரை எந்தக் கடைவாசலில் போய்த் தேடுவது?

இனி, சட்டத்தின் கடுமையான பக்கத்தைப் பார்ப்போம். 1967ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டம் கடத்துகிறவரை மட்டும் குற்றவாளியாகப் பார்ப்பதில்லை. தீர்வை கட்டாத பொருள் என்று தெரிந்தும் அதை வாங்குகிறவர், வைத்திருக்கிறவர், ஒளிக்கிறவர், சுமந்து செல்கிறவர் ஆகிய அனைவரையும் அது பிடிக்கிறது. தண்டம் ஏய்க்கப்பட்ட தீர்வையின் மடங்குகளில் கணக்கிடப்படுகிறது. பத்து மடங்கு, இருபது மடங்கு என்று சட்டம் பேசுகிறது. 100 வெள்ளித் தீர்வைக்குப் பத்து மடங்கு 1,000 வெள்ளி என்பது சிறு பிள்ளைக்கும் தெரிந்த வாய்ப்பாடு. மேல் எல்லையோ அதற்கும் வெகு உயரத்தில் இருக்கிறது. முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது.

பொதுவாக ஒருவர்மேல் குற்றம் சாட்டினால், சாட்டியவர்தான் அதை மெய்ப்பிக்க வேண்டும் என்று நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். சுங்க வழக்கில், தீர்வை கட்டப்பட்டதா இல்லையா என்ற கேள்வி எழுந்தால், கட்டப்பட்டது என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் மேல் விழுகிறது. கைப்பேசியில் வாங்கிய சிகரெட்டுக்குத் தீர்வைச் சீட்டு எங்கே இருக்கப் போகிறது?

விற்பவர்கள் செய்யும் ஒரு தந்திரத்தையும் சொல்ல வேண்டும். பொட்டலத்தின் மேல் "துணி", "அன்பளிப்பு", "விளையாட்டுச் சாமான்" என்று பொய்யாக எழுதி அனுப்புவார்கள். வாங்குகிறவருக்கு நன்மை செய்வதாகவும் சொல்லிக்கொள்வார்கள். உண்மையில் அது வாங்குகிறவரின் கழுத்தில் இன்னொரு கயிற்றை மாட்டுவதாகும். ஊடுகதிர் இயந்திரத்துக்கு மேலே எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாது. உள்ளே இருப்பதைத்தான் பார்க்கத் தெரியும். வரி கட்டாத குற்றத்தோடு பொய்யான விவரம் கொடுத்த குற்றமும் சேர்ந்துகொள்கிறது. அனுப்பியவர் எங்கோ இருக்கிறார். பொட்டலத்தின் மேல் முகவரியோடு இருப்பது வாங்குகிறவரின் பெயர்.

இந்தப் பெயர் விஷயத்தைத்தான் நம் தோட்டத்து இளைஞர்களிடமும், வேலை தேடி ஜார்ஜ் டவுனுக்கு வந்து அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளிடமும் அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். "தம்பி, உன் பெயருக்கு ஒரு பார்சல் வரும், வாங்கி வைத்துக் கொடு, செலவுக்கு 50 வெள்ளி தருகிறேன்" என்று கேட்கிறவர்கள் உண்டு. அண்ணன் என்றும் மாமா என்றும் உறவு கொண்டாடிக் கேட்பார்கள். அடையாள அட்டை எண்ணையும் வாங்கிக்கொள்வார்கள். பத்துக் கட்டு வந்தால், கலால் வரி மட்டும் 840 வெள்ளி. அதன் பத்து மடங்கு 8,400 வெள்ளி. 50 வெள்ளிக்காகப் பெயரைக் கடன் கொடுத்தவன் தலையில் இறங்கக்கூடிய சுமை இது. பெயரைக் கடன் கொடுப்பதும் வீட்டுச் சாவியைக் கடன் கொடுப்பதும் ஒன்றுதான். அரசாங்க வேலைக்கு மனுப்போடும் வயதில் ஒரு நீதிமன்றத் தண்டனை பெயரோடு ஒட்டிக்கொண்டால், அதன் விலையை எந்த வாய்ப்பாட்டைக் கொண்டு கணக்கிடுவது?

இது நம் நாட்டில் மட்டும் உள்ள கெடுபிடி என்று எண்ணிவிட வேண்டாம். பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில் 2008ஆம் ஆண்டு ஜூலை முதல், பயணி கையில் கொண்டுவரும் ஒரே ஒரு சிகரெட்டுக்கும் தீர்வை உண்டு. இந்தியாவில் 2014ஆம் ஆண்டில், பயணி தீர்வையில்லாமல் கொண்டுபோகக்கூடிய சிகரெட்டுகள் 200இலிருந்து 100ஆகக் குறைக்கப்பட்டன. திருச்சிக்கும் சென்னைக்கும் போகிறவர்கள், சொந்தக்காரர்களுக்கு ஒரு கட்டு வாங்கிப் போவது பழைய பழக்கம். ஒரு கட்டு 200 என்பதை மறந்தால், அன்பளிப்பே வம்பாகிவிடும்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் பாடம் தருவது. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் சிகரெட் வரி வேறுபடும். பலர் வெளியிலிருந்து அஞ்சலில் மலிவாகத் தருவித்தார்கள். ஆனால் 1949ஆம் ஆண்டிலிருந்தே அங்கு ஒரு சட்டம் இருந்தது: மாநிலம் விட்டு மாநிலம் சிகரெட் விற்கிறவர், வாங்கியவரின் பெயரையும் முகவரியையும் அவருடைய மாநில வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும். 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு பல மாநிலங்கள் இந்தப் பட்டியல்களைக் கேட்டுப் பெற்று, வாங்கியவர்களுக்கு நிலுவை வரிச் சீட்டுகளை அனுப்பின. சிகரெட் எப்போதோ புகைந்து சாம்பலாகிவிட்டது. வரி மட்டும் சாம்பலாகாமல் வாசலில் வந்து நின்றது. பிறகு 2010ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, சிகரெட்டை அந்நாட்டு அஞ்சலில் அனுப்புவதையே பெரும்பாலும் தடுத்துவிட்டது.

நம் நாட்டிலும் 2024ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டம், இணையத்தின் வழி சிகரெட் விற்பதைத் தடை செய்திருக்கிறது. 18 வயதுக்குக் குறைந்தவர்க்கு விற்பதும் குற்றம். ஆகவே, கைப்பேசியில் கடை விரித்திருப்பவர் தொடக்கத்திலேயே சட்டத்துக்கு வெளியே நிற்கிறார். வெளியே நிற்கிறவர் உள்ளே இருக்கிற நமக்கு எப்படி உத்தரவாதம் தருவார்?

அஞ்சலில் வரவழைக்காமல், உள்ளூரிலேயே மலிவுச் சிகரெட் கிடைக்கும்போது எப்படி அறிவது? அதற்கும் நாம் போட்ட கணக்கே துணை. ஒரு பெட்டிக்கு 20 குச்சிகள். 42 காசு வீதம் கலால் மட்டும் 8 வெள்ளி 40 காசு. இந்தத் தொகைக்கும் குறைவாக ஐந்து வெள்ளிக்கோ ஆறு வெள்ளிக்கோ ஒரு பெட்டி விற்றால், அதற்கு வரி கட்டப்பட்டிருக்க வழியே இல்லை. புகையிலைக்கு ஒரு விலை, தாளுக்கு ஒரு விலை, ஏற்றிவந்த வண்டிக்கு ஒரு கூலி இருக்கும்போது, வரியை விடக் குறைந்த விலைக்கு யார் விற்க முடியும்? வரி முத்திரை இருக்கிறதா என்று பார்க்கலாம். 2009ஆம் ஆண்டிலிருந்து வந்த எச்சரிக்கைப் படங்களும் மலாய் மொழி வாசகமும் இருக்கின்றனவா என்றும் பார்க்கலாம். ஆனால் முத்திரையையும் போலியாகச் செய்கிறார்கள். கணக்கைப் போலியாகச் செய்ய முடியாது.

மற்றொரு எச்சரிக்கையும் இங்கே தேவைப்படுகிறது. "உங்கள் பெயருக்கு வந்த பொட்டலம் சுங்கத்தில் பிடிபட்டிருக்கிறது, இந்தக் கணக்கில் உடனே பணம் போடுங்கள்" என்று தொலைபேசியில் மிரட்டுகிற ஏமாற்றுக்காரர்கள் நாட்டில் பெருகியிருக்கிறார்கள். சட்டத்துக்குப் புறம்பாக எதையேனும் தருவித்தவர் மனத்தில் அச்சம் இருப்பதால், இவர்கள் விரிக்கும் வலையில் எளிதில் விழுந்துவிடுகிறார். சுங்கத்துறைக்குச் சேர வேண்டிய பணம் ஒரு தனி மனிதரின் வங்கிக் கணக்குக்குப் போகாது. ஐயம் எழுந்தால், நேரே சுங்க அலுவலகத்துக்குப் போய் விசாரிக்க வேண்டும். பணம் போய்விட்டதென்றால், உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண்ணை அழைக்க வேண்டும்.

உண்மையாகவே சுங்கத்துறையிடமிருந்து கடிதம் வந்துவிட்டால் என்ன செய்வது? கடிதத்தை ஒளிக்கக்கூடாது. கைப்பற்றிய பொருளின் மீது உரிமை கோருவதற்குச் சட்டம் கொடுத்திருக்கும் காலம் ஒரு மாதந்தான். தனக்குத் தெரியாமல் வந்த பொட்டலம் என்றால், அதைத் திறக்காமலும் கையொப்பமிட்டு வாங்காமலும் திருப்பிவிட்டு, நடந்ததை அலுவலகத்தில் சொல்ல வேண்டும். மலாய் மொழிக் கடிதம் விளங்காவிட்டால், பள்ளி ஆசிரியரிடமோ தொழிற்சங்கத் தலைவரிடமோ காட்டுவதில் வெட்கம் ஒன்றுமில்லை. வழக்கு என்று வந்துவிட்டால், வழக்கறிஞரின் துணையை நாட வேண்டும். வெளிநாடு சென்று திரும்புகிறவர்கள், கையில் சிகரெட் இருந்தால் தெரிவிக்க வேண்டியவர்களுக்கென உள்ள சிவப்பு வழியில் போய்த் தெரிவித்துவிட வேண்டும். கேட்ட தீர்வையைக் கட்டுவது செலவு. கேட்கும் முன் மறைப்பது குற்றம்.

"ஏழை புகைக்கிற ஒரு சிகரெட்டுக்கு இவ்வளவு வரியா?" என்று மனம் நொந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. நாட்கூலி வாங்குகிறவருக்கு 17 வெள்ளி பெருந்தொகை. ஆனால் இந்த வரியின் நோக்கம் கருவூலத்தை நிரப்புவது மட்டுமன்று. சிகரெட்டின் விலையில் முக்கால் பங்காவது வரியாக இருக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் நாடுகளுக்குச் சொல்லிவருகிறது. விலை ஏறினால் புகைக்கத் தொடங்கும் பிள்ளைகள் குறைகிறார்கள், புகைப்பவர்களும் குறைத்துக்கொள்கிறார்கள் என்பதே காரணம். ஐந்து வெள்ளிக் கள்ளச் சிகரெட், அப்பனுக்கு மிச்சம் பிடித்துத் தருவதுபோல் தோன்றும்; பள்ளிச் சட்டைப் பைக்குள்ளும் அதுதான் முதலில் நுழையும். உணவுக்குக் கொடுத்த காசில் வாங்க முடிகிற விலையில் அது இருக்கிறதே!

மிச்சம் பிடிக்க வேண்டும் என்பது நல்ல எண்ணம். அதற்கு ஒரு கணக்கையும் சொல்லி முடிப்போம். நாளொன்றுக்கு ஒரு பெட்டி புகைப்பவர், அதைப் பாதியாகக் குறைத்தால், 17 வெள்ளிப் பெட்டிக்கு மாதம் 255 வெள்ளி கையில் நிற்கும். அடியோடு விட்டுவிட்டால் 510 வெள்ளி. விட விரும்புகிறவர்களுக்கு உதவும் பிரிவுகள் அரசாங்கச் சுகாதார நிலையங்கள் பலவற்றில் இருக்கின்றன. இந்த மிச்சத்துக்குத் தீர்வை கிடையாது, உரிமம் தேவையில்லை, எந்த அதிகாரியும் பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கப்போவதில்லை. கால் பணத்துச் சுண்டைக்காய்க்கு முக்கால் பணம் சுமைகூலி கொடுப்பதா, அந்த ஒரு பணத்தையும் வீட்டிலேயே வைத்துக்கொள்வதா என்பதை நேயர்களின் முடிவுக்கே விட்டுவிடுகிறோம்.